நாலு மூலை

தராசு பொய் சொல்லாது என்று சொல்பவர்கள் ஒரு தராசையாவது பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் பதினோரு வருடமாகத் தராசு பழுது பார்க்கிறவள். கடையில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, வயர் ஒட்டுகிற பெரியவர், அவள். சோதனை முழுக்க அவள் கையில்தான். எடைமேடை ஒன்று வந்தால் இருபது கிலோ இரும்புக் கட்டியைத் தூக்கி நடுவில் வைப்பாள். இருபது என்று காட்டும். வேறு யாராக இருந்தாலும் அதோடு சீல் வைத்து அனுப்பிவிடுவார்கள். அவள் கட்டியை எடுத்து ஒரு மூலையில் வைப்பாள். பிறகு அடுத்த மூலை. பிறகு அடுத்தது. மேடைக்கு அடியில் மூலைக்கு ஒன்றாக, எடையை உணர்கிற நாலு செல் இருக்கும். ஒன்று தளர்ந்துபோயிருந்தாலும் நடுவில் சரியாகக் காட்டுகிற மாதிரி சரிக்கட்டி வைத்துவிட முடியும். மூலையில் வைத்தால் குட்டு உடைந்துவிடும்.

"நடுவுல வச்சா எல்லாத் தராசும் யோக்கியம்தான்" என்பாள்.

ஒவ்வொரு தராசுக்கும் ஐந்து முறை தூக்கி இறக்குவதால் வேலை தாமதமாகும். அதனால் முதலாளி அவளுக்கு வைத்த பெயர் மூலை.

"ஏம்மா மூலை, மழை நாள்ல என்ன லீவு?"

"பதினோரு மணிக்கு அவருக்கு ஹெல்த் சென்டர்ல ஒரு சோதனை."

"ரத்தமா, சர்க்கரையா?"

"சூதாட்டம்."

முதலாளி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அதுக்குமா சோதனை இருக்கு? எங்க வச்சு அளப்பாங்க, கட்டை விரல்லயா?"

"கேள்வி கேட்டு மார்க் போடுவாங்களாம். மூணுக்குக் கீழன்னா ஒண்ணுமில்ல. மேலன்னா வியாதி."

"சரி போ. உன் வீட்டுக்காரர் மார்க் வாங்கிப் பாஸ் பண்ணட்டும்."

"ஃபெயிலாகணும் சார்" என்றாள் அவள். முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நாலு வருடமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு எண்ணுக்காகத்தான். யாராவது ஒருவர், வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒருவர், அளந்து சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அளந்தால் தெரியாமல் எங்கே போகும்?

அவள் புருஷன் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவன். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். இரண்டு மாடி உயரத்தில் ஒரு கூண்டு, அதில் ஒரு நாற்காலி, ஐந்து லீவர். கீழே ஒருவர் நின்று குழாய்க் கட்டில் சங்கிலி சுற்றிக் கொக்கி மாட்டிக் கையைக் காட்டினால் இவன் தூக்குவான். கீழே நிற்பவர் உயிர் மேலே இருக்கிறவன் கையில். பதினாறு வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு பகலில், கொக்கிக்காரர் 'நிறுத்து' என்று முஷ்டியைக் காட்டியபோது அவன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய்க் கட்டு ஆடி வந்து அவர் இடது காலில் இறங்கியது. மூன்று விரல் நசுங்கியது. மேஸ்திரி ஏணியில் ஏறிப் போனபோது கூண்டின் தரையில் போன் கிடந்தது. சீட்டாட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். 'உங்கள் முறை, உங்கள் முறை' என்று மினுக்கிக்கொண்டிருந்ததாம்.

நிர்வாகம் ஒரு காகிதம் கேட்டது. மூன்றுக்குக் கீழ் என்றால் மறுபடி கூண்டு. மேலே என்றால் சிகிச்சை, அதுவரை கீழே பாதிச் சம்பளத்தில் குழாய் எண்ணுகிற வேலை. அவள் யோசித்துப் பார்த்துவிட்டாள். பாதிச் சம்பளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். இன்னொரு கட்டு ஆடினால் ஓட்ட முடியாது.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள், தம்பிக்கு ஒன்று என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவாள்.

"தம்பிக்கு முட்டை பொரிச்சு வச்சிருக்கேன். வெறும் வயித்தோட போனா பதில் சொல்ல வராது."

"பரீட்சைக்கா போறாரு அண்ணி?"

"பின்ன? பரீட்சைதான். இத பாரு, அங்க போய் நீ வாயத் திறக்காத. கேட்டா, எப்பவாச்சும் விளையாடுவாருன்னு சொல்லு. எந்த ஆம்பள விளையாடல?"

"மிக்ஸி எங்க அண்ணி?"

"அது ரிப்பேருக்குப் போயிருக்குன்னு நீதானே சொன்ன?"

"எட்டு மாசமா?"

நாத்தனார் வெங்காயத்தின் மேல் குனிந்துகொண்டாள்.

அந்த வீட்டில் ரிப்பேருக்குப் போன சாமான்களுக்கு ஒரு பட்டியலே இருந்தது. முதலில் மிக்ஸி. பிறகு இஸ்திரிப் பெட்டி. பிறகு மகளின் சைக்கிள். அவள் காதில் கிடந்த தோடுகூட 'திருகு சரியில்லை' என்று ரிப்பேருக்குத்தான் போனது. ஊர் தராசையெல்லாம் சரிசெய்கிறவள் வீட்டில் எந்தப் பொருளும் பழுதாகாமலே ரிப்பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினொரு வயது மகள் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள், "அப்பாவ எப்பம்மா ரிப்பேருக்குக் கொடுப்ப?" இரண்டு பேரும் சிரித்து, புரையேறி, பிறகு பேசாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

அவன் குளித்துத் தலைவாரி வந்தான். பார்க்க லட்சணமானவன். பேச்சில் ஆளைக் கவிழ்த்துவிடுவான்.

"ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? காலேஜ் சீட் கிடைக்காத மாதிரி."

"உண்மையச் சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்." முட்டையை வாயில் போட்டுக்கொண்டான். "அக்கா, உப்பு ஜாஸ்தி. ஆனா பாசம் அதவிட ஜாஸ்தி."

நாத்தனாருக்கு முகமெல்லாம் பல்.

அவன் உற்சாகம் அவளுக்கு உறுத்தியது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். ஜெயித்த நாளில் அவன் முகத்தில் ஒன்றும் இருக்காது. தட்டில் கை வைத்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். வந்த பணம் வந்த வழியே போக அவசரப்படும். ஒரே ஒரு சீட்டில் தோற்ற நாளில்தான் அவன் முகத்தில் விளக்கு எரியும். "ஒத்தச் சீட்டு! ஒரே ஒரு சீட்டு வந்திருந்தா!" என்று வீட்டுக்குள் நடப்பான். தோற்றவன் மாதிரியே இருக்காது. இன்று காலையில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் ஆடாமல் இருந்தால் அந்தச் சீட்டாட்டக் கம்பெனியிலிருந்து போனுக்குச் செய்தி வரும். 'உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம் ராஜா, வந்து இலவசமாக ஒரு கை ஆடுங்கள்' என்று. பதினாலு வருட வாழ்க்கையில் அவள் அவனை ஒருநாளும் ராஜா என்று கூப்பிட்டதில்லை. யாரோ ஒருவன், அவன் முகத்தையே பார்க்காதவன், கூப்பிடுகிறான். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் இருபது கிலோக் கட்டியை எந்த மூலையில் வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

ஹெல்த் சென்டர் மாடியில் நீளமான தாழ்வாரம். கூரை ஒழுகி ஒரு நீல வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் சொன்னான்:

"பத்து சொட்டு விழறதுக்குள்ள நம்மளக் கூப்பிடுவாங்க பாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் காது எண்ணியது. எட்டாவது சொட்டில் கதவு திறந்தது. அவன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"நானும் வரேன் மேடம்" என்றாள் அவள்.

ஆலோசகர் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் முப்பது நாற்பது ஃபைல். "அவர் மட்டும் போதும். கேள்வியெல்லாம் அவருக்குத்தான்."

கதவு சாத்திக்கொண்டது.

பக்கத்து அறையில் கட்டு மாற்றிக்கொண்டு கொக்கிக்காரர் வந்தார். கைத்தடி, இடது காலில் பெரிய வெள்ளைக் கட்டு. அவளைப் பார்த்ததும் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். அவளுக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

"கால் எப்படிண்ணே இருக்கு?"

"மூணு பேரு ரிட்டயர் ஆயிட்டாங்கம்மா. மிச்சம் ரெண்டு பேரு டூட்டி பாக்கறாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்டப் பேசறதுன்னு தெரியல."

"அட விடும்மா. வேணும்னா செஞ்சான்?" வாளியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "போய் எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம்."

"ம். பதினோரு கேள்விதானே. வரணுமே."

காலை நசுக்கியவனுக்காகக் கவலைப்படுகிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது. எத்தனை கேள்வி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை.

கதவு திறந்தது. அவன் காகிதத்தை மடிக்காமல், ஈரம் காயாத படத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ரெண்டு!"

"என்ன ரெண்டு?"

"முப்பத்து மூணுக்கு ரெண்டு. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். பெருமை தாழவில்லை. "பூஜ்யமே வாங்கியிருப்பேன். நம்பமாட்டாங்க. அதனால ஒரு கேள்விக்கு 'எப்பவாச்சும்', இன்னொண்ணுக்கு 'எப்பவாச்சும்'. மீதி எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை'. அளந்து போட்டேன்."

"வீட்டுல யார்கிட்டயாவது பொய் சொன்னீங்களான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒருபோதும் இல்லை."

"சாமான வித்தீங்களான்னு?"

"என் சாமான் எதையும் விக்கலியே. அது உண்மைதானே?"

அவள் அவனையே பார்த்தாள். எடையை எடையிடமே கேட்டு எழுதிக்கொள்கிற தராசு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. அதற்கு அவள் நாலு வருடம் காத்திருந்திருக்கிறாள்.

"அப்ப மூணுக்குக் கீழ" என்றார் கொக்கிக்காரர். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, அவள் திரும்பிப் பார்த்ததும், சுருங்கியது.

"மூணுக்குக் கீழன்னா உங்களுக்கு என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா."

"அண்ணே."

"சும்மா, பட்டறையில பசங்க ஒரு இதுக்காக…" கைத்தடியைத் தரையில் உருட்டினார். "பதினாலு பேரும்மா. மூணுக்குக் கீழயா மேலயான்னு பந்தயம். ஏழு பேரு மேல. ஏழு பேரு கீழ."

"நீங்க?"

"கீழ."

"யாரு நடத்தறது?"

அவர் கண் அவன் பக்கம் போனது. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷன் காகிதத்தில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கேள்வியெல்லாம் போன்லயே கிடைக்குதும்மா" என்றார் அவர், அழுகிற மாதிரி. "எதுக்கு என்ன பதில் சொல்லப்போறான்னு நெருக்கமானவங்களுக்கு மட்டும் முன்னாடியே காட்டினான். அதான் நிச்சயம்னு நானும்… மூணு வாரமா சம்பளம் இல்லம்மா எனக்கு."

சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"நீ மனுஷனா?" என்றாள் அவள்.

பதினாலு வருடத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னதில்லை. கோபத்தில்கூட, மிக்ஸி போன அன்றுகூட, தோடு போன அன்றுகூட 'நீங்க'தான். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏய், மெதுவா. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவர் காலை நசுக்கின. அந்தக் காலுக்காக உனக்குச் சோதனை வச்சா அதுலயும் பந்தயம் கட்டின. அந்தக் காலுக்குச் சொந்தக்காரரையே அதுல இழுத்து உட்கார வச்ச. நாளைக்கு மேல ஏறி உட்காருவ. கீழ அவரு நிப்பாரு. யாரு நிக்கப்போறாங்கன்னு தெரிஞ்சுதான் அளந்து போட்டியா?"

"குடும்பத்துக்காகத்தான்டி. முழுச் சம்பளம் வேணாமா உனக்கு?"

"குடும்பத்த இழுக்காத. குடும்பம் உன் சீட்டுக்கட்டு இல்ல."

"அவன்தான் ஜெயிச்சுட்டானேம்மா…" என்று கொக்கிக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே! உங்க மேலயும் எனக்கு வயிறு எரியுது."

அவள் காகிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். ஓரம் கிழிந்தது. கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆலோசகர் அடுத்த ஃபைலைத் திறந்துகொண்டிருந்தாள். "அம்மா, வெளியில உட்காருங்க. கூப்பிடுவோம்."

"என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க மேடம். என் பேரே உங்க காகிதத்துல இல்ல." அறையின் ஓரத்தில் ஆள் நின்று எடை பார்க்கிற தராசு ஒன்று இருந்தது. அவள் கண் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் போய் நிற்கிற இடம் அது. "இதுல ஏறுங்க."

"என்ன?"

"ஒரு நிமிஷம். நடுவுல நில்லுங்க."

அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் எழுந்து வந்து ஏறினாள். ஐம்பத்து நாலு.

"இப்ப அப்படியே இந்த மூலைக்கு வாங்க. ரெண்டு காலையும் ஓரமா வைங்க. சுவத்தப் பிடிக்காதீங்க."

ஐம்பது.

"அந்த மூலை."

ஐம்பத்து ஏழு.

"உங்க எடை எது மேடம்? யாரு இதுக்கு சீல் வச்சாங்க?" காகிதத்தை நீட்டினாள். "நடுவுல ஒரு ஆளை நிறுத்தி, நீ நல்லவனான்னு அவனையே கேட்டு எழுதிட்டீங்க. ஒரு மூலையில நான் இருக்கேன். ஒரு மூலையில என் பொண்ணு. வெளியில ஒருத்தர் கால் விரல் இல்லாம உட்கார்ந்திருக்காரு. மூலையில வச்சுப் பாக்காம நான் ஒரு காய்கறித் தராசக்கூட வெளிய அனுப்ப மாட்டேன். நீங்க ஒரு ஆளைக் கிரேன்ல ஏத்தறீங்க."

ஆலோசகர் தராசிலிருந்து இறங்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"அவங்க சொல்றதத்தான் நாங்க எழுத முடியும். ஒரு நாளைக்கு நாப்பது பேர்." மேசை டிராயரைத் திறந்தாள். "ஆனா… பின்னால ஒரு பக்கம் இருக்கு. குடும்பத்தாரும் கூட வேலை செய்யறவங்களும் சொல்றதுக்கு. அவங்களாக் கேட்டா நிரப்பலாம்."

"கேட்டா?"

"ஆமா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"கேக்கலாம்னு எங்களுக்கு யாரு சொன்னாங்க? கதவச் சாத்தினா எப்படிக் கேக்கறது?"

அந்தப் பெண்ணுக்குக் காது சிவந்தது. காகிதத்தை வாங்கித் திருப்பினாள். பின்பக்கத்தில் அதே பதினோரு கேள்வி, எதிரே வெறும் கோடுகள். பேனாவை எடுத்தாள்.

"பொய் சொல்லியிருக்காரா?"

"ரிப்பேருன்னு எழுதிக்கங்க. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சைக்கிள், தோடு. வரிசையாச் சொல்றேன்."

அவள் சொன்னாள். நாலு வருடம் மென்று முழுங்கியதெல்லாம் வரிசை மாறாமல் வந்தது. அவன் வாளியில் விழுகிற சொட்டை எண்ணுவதைச் சொன்னாள். எந்த பஸ் முதலில் வரும் என்று மகளோடு பென்சிலும் ரப்பரும் வைத்துப் பந்தயம் கட்டியதை, மகள் தோற்றால் உண்மையாகவே ரப்பரை எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். ஒத்தச் சீட்டில் தோற்றால் எரிகிற முகத்தைச் சொன்னாள். பேனா ஓடியது. எட்டாவது கேள்விக்கு வந்தபோது ஆலோசகர் நிறுத்தினாள்.

"வேற யாருக்காவது உடம்புக்கோ உயிருக்கோ பாதிப்பு வந்திருக்கா?"

"அத நான் சொல்லக் கூடாது" என்று அவள் எழுந்து கதவைத் திறந்தாள். "அண்ணே, உள்ள வாங்க."

கொக்கிக்காரர் எழவில்லை. அவர் உள்ளே வந்து வாயைத் திறந்தால் மார்க் ஏறும். ஏறினால் அவர் பந்தயம் போச்சு. அது அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. அவள் அவரை அவசரப்படுத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, திரும்பியிருந்த அந்தக் காகிதத்தையும், ஓடி நின்ற பேனாவையும் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்திருப்பான் என்று நினைத்தாள். ஆத்திரத்தில் எகிறுவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொக்கிக்காரர் பக்கம் சாய்ந்து, வாய் அதிகம் அசையாமல், தனக்கே தெரியாத ஒரு குரலில் சொன்னான்:

"அண்ணே, புதுசா எண்ணுவாங்க. இருபதுக்கு மேல வரும்ன்றேன். நீங்க என்ன சொல்றீங்க?"

கொக்கிக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். அவனைத் தாண்டி, அவளைத் தாண்டி, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக் கட்டைத் தூக்கி ஆலோசகர் மேசை மேல் வைத்தார்.

"எழுதும்மா" என்றார்.

அவள் கதவைச் சாத்தவில்லை. விரியத் திறந்து, மழைக்கு வைத்திருந்த நீல வாளியைக் காலால் தள்ளி அதற்கு முட்டுக் கொடுத்தாள்.

"இப்ப வெளிய சொன்னானே, அதையும் சேர்த்து எழுதிக்கங்க மேடம்" என்றாள். "அவன் வாயால சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம்."